ஆர்தர் காட்டன்: கோட்டை தாக்கிய கை, காவிரியைத் திருத்திய கை

கடைமடைக்காரர் எழுதியது:

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த கதவணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் இடிந்து போனபோது, எல்லாச் செய்திகளிலும் "1836-இல் ஆங்கிலேயர் கட்டியது" என்ற ஒரே வரிதான் வந்தது. அந்த ஆங்கிலேயர் யார், எப்படிப்பட்ட பணியிலிருந்து வந்தவர், அவர் அங்கே தீர்க்க முயன்ற சிக்கல் என்ன என்பதெல்லாம் எங்கள் டெல்டாவிலேயே பலருக்குத் தெரியவில்லை. இந்த இழையை அதற்காகத் தொடங்குகிறேன்.

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். பதினைந்து வயதில் அடிஸ்கோம் என்ற இடத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1819-இல் சென்னை மாகாணப் படையின் பொறியாளர் பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட். வேல்ஸில் சிறிது காலம் நில அளவைப் பணி. 1821-இல் சென்னை. அடுத்த ஆண்டே பாம்பன் கால்வாயைக் கப்பல் போகும்படி ஆழப்படுத்த முடியுமா என்று ஆராயும் வேலை. 1824-இல் முதலாம் பர்மியப் போர் தொடங்கியதும் அங்கே போனார். ஏழு கோட்டைகள், மரவேலி அரண்கள் மீதான தாக்குதல்களில் முன்னணிக் குழுவை வழிநடத்தினார் என்று அவருடைய பணிப்பதிவு சொல்கிறது. திரும்பி வந்து 1828-இல் கேப்டன் ஆனார். அதே காலத்தில்தான் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயது இருபத்தைந்து.

அப்போது காவிரியின் நிலை என்ன? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடம் சரிவு மிகுந்தது, நேராகக் கடலைப் பார்த்து ஓடுவது. தெற்கே போகும் காவிரி சரிவு குறைந்தது, தஞ்சைக்குச் சோறு போடுவது. நீர் எளிய வழியைத்தான் தேடும். ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் கூடுதலாக இழுக்க, காவிரியின் தலைப்பில், அதாவது அது பிரிந்து தொடங்கும் இடத்தில், மணல் மேடேறிக்கொண்டே போனது. வாய்க்கால்களைத் தூர்வாரி, ஆற்றில் கொரம்பு என்ற தற்காலிகத் தடுப்பு போட்டு, தண்ணீரைத் திருப்பப் பாடுபட்டார்கள். ஆனாலும் வாய்க்கால் முடியும் கடைமடை நிலங்கள் காய்ந்தன. 1804-இல் கால்டுவெல் என்ற இன்னொரு படைப் பொறியாளர் இதை ஆராய்ந்திருந்தார். கல்லணையை உயர்த்தியும் பார்த்தார்கள். உயர்த்த உயர்த்த, அதற்குப் பின்னால் மணலும் உயர்ந்தது.

காட்டன் முதலில் செய்தது உயர்த்துவதற்கு நேர் எதிர். 1830-ஐ ஒட்டிக் கல்லணையின் உடலைத் திறந்து, அடியில் தேங்கிய மணல் வெளியேற மணற்போக்கிகளை வைத்தார். பிறகு 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அதே கொள்ளிடத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. மேலணை கொள்ளிடத்துக்குள் நீர் தப்புவதைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பியது. கீழணை, தப்பி வந்ததையும் பிடித்து வடவாறு வழியாக வீராணத்துக்கும் இரு கரை நிலங்களுக்கும் கொடுத்தது. சென்னையில் வீராணத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இந்தக் கீழணையையும் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள்.

என் கேள்வி இது: போர்க்களத்துக்காகப் பயிற்றப்பட்ட ஒருவர் பாசனத்தில் இவ்வளவு ஆழமாக இறங்கியது எப்படி? அந்தப் படைப் பயிற்சி அவருக்கு உதவியதா, அல்லது அதை மறந்ததால்தான் அவரால் இதைச் செய்ய முடிந்ததா?

---

வரிக்கணக்கு எழுதியது:

கடைமடைக்காரர் ஐயா, தகவல்கள் சரி. ஆனால் இதில் ஒரு பெரிய பாத்திரம் விடுபட்டிருக்கிறது. அது கம்பெனியின் கருவூலம்.

தஞ்சாவூர் சென்னை மாகாணத்தின் வளமான வருவாய் மாவட்டங்களில் ஒன்று. காவிரி வறண்டால் வரி வறளும். காட்டனின் அறிக்கைகளிலும் முதலீடு இவ்வளவு, அதனால் கூடும் வருவாய் இவ்வளவு என்ற கணக்குத்தான் முன்னால் நிற்கிறது. அவர் இரக்கம் இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே கோப்பு நகர்ந்தது இரக்கத்தால் அல்ல.

காட்டன் பின்னால் அணைக்கட்டு கட்டிய கோதாவரியைப் பாருங்கள். 1833 பஞ்சத்தில் குண்டூர் பகுதியில் ஐந்து லட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. கோதாவரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821-இல் 7,38,308 ஆக இருந்தது, 1841-இல் 5,61,041 ஆனது. இடையில் 1839-இல் புயல் வேறு கோரங்கிக் கரையை அழித்தது. இவ்வளவுக்கும் பிறகு அணைக்கட்டுக்கு அனுமதி கிடைத்தது 1846 இறுதியில். பெருக்கெடுத்து ஓடும் ஆற்றின் கரையிலேயே மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது அந்த நிர்வாகம் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தது. வருவாய் சரிந்ததும்தான் காது கேட்டது.

அணைகளைக் கட்டிய ஆயிரக்கணக்கான கூலியாட்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. நன்றி சொல்வதாக இருந்தால் அதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் நிலை.

---

அணைக்கரைவாசி எழுதியது:

பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வருவாய் விவாதத்துக்குள் போகவில்லை, கட்டுமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மேலணை ஒரு முடிந்த வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது மிகையாக வேலை செய்தது. கட்டிய சில ஆண்டுகளிலேயே காவிரிக்குள் அளவுக்கு மேல் நீர் பாய்ந்து, ஆற்றுப்படுகை அரித்து ஆழமாகத் தொடங்கியது. முன்பு மணல் ஏறுகிறது என்று கவலைப்பட்டவர்கள் இப்போது படுகை இறங்குகிறது என்று கவலைப்பட்டார்கள். 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பில் படுகை மட்டத்துக்கு ஒரு சுவர் கட்டித்தான் இரண்டு ஆறுகளுக்கும் ஒரு சமநிலை வந்தது. ஆறு ஒரு கட்டுமானத்துக்குப் பதில் சொல்லச் சில வெள்ளங்கள் ஆகும். அந்தப் பதிலைக் கேட்டு மறுபடி திருத்த ஆள் இருக்க வேண்டும். பாசனப் பொறியியலின் உயிரே இதுதான்.

இன்னொன்று. இந்த மண்ணில் ஆழம் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்ற பாடத்தைக் காட்டன் இலண்டனிலிருந்து கொண்டு வரவில்லை. கல்லணையில் பார்த்தார். பெருங்கற்களை மணலில் இட, அவை தாமாக இறங்கி ஒரு நிலையில் நிற்கும். அதன்மேல் கட்டலாம். மணலில் அடித்தளம் போடும் வழியைப் பழைய கட்டுநர்களிடமிருந்துதான் கற்றோம், அதை வைத்துத்தான் பின்னால் வந்த ஆற்றுக் கட்டுமானங்களைச் செய்தோம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கோதாவரி அணைக்கட்டின் வேர் கல்லணையில் இருக்கிறது. கோதாவரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைமடைக்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில்: பயிற்சியை விடப் பெரிய காரணம் அவரை ஒரே ஆற்றில் விட்டு வைத்தார்கள் என்பது. இடையில் உடல்நலம் கெட்டு இங்கிலாந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி காவிரிக்கே வந்தார். 1828-இல் ஆராய்ந்தவர்தான் 1836-இல் கட்டி முடித்தார். என் பணிக்காலத்தில் ஒரு தலைப்பு மதகின் வரைபடத்தை நான் தயாரித்து, அடித்தளம் போட்டு, சுவர் எழும்பும்போது வேறு கோட்டத்துக்கு மாற்றப்பட்டேன். அந்த மதகு முதல் வெள்ளத்தை எப்படித் தாங்கியது என்பதை மதகை இயக்கும் லஸ்கர் ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை.

---

சாப்பர்தம்பி எழுதியது:

இராணுவப் பொறியாளர் படையில் இருந்தவன் என்ற முறையில் படைப் பயிற்சியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் குடிமைப் பொறியாளர் என்ற தனி வேலையே இந்தியாவில் கிட்டத்தட்ட இல்லை. சாலை, ஏரி, கால்வாய், படைமுகாம் எல்லாம் இராணுவ வாரியம் என்ற அமைப்பின் கையில் இருந்தன. பொதுப்பணித்துறை என்று தனியாக உருவானது 1850-களில்தான். அடிஸ்கோமில் மதிப்பெண்ணில் முதலில் நின்றவர்கள் பொறியாளர் பிரிவுக்கும், அடுத்தவர்கள் பீரங்கிப் படைக்கும், மற்றவர்கள் காலாட்படைக்கும் போனார்கள். ஆகவே மாகாணத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் பள்ளியின் கூர்மையான மாணவர்கள்.

போர்ப் பொறியாளருக்கு மூன்று விஷயங்கள் இரத்தத்தில் ஊறும். கையில் கிடைக்கும் பொருளை வைத்துக் கட்டுவது. கெடு தாண்டாமல் கட்டுவது. பல நூறு பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேலை வாங்குவது. ஆற்றில் அணை கட்டுவதும் இதே கதைதான். கோடையில் ஆறு வற்றும் சில மாதங்களுக்குள் அடித்தளம் நீர்மட்டத்துக்கு மேல் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த வெள்ளம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். எதிரியின் கோட்டைச் சுவரை நோக்கிப் பதுங்குகுழி வெட்டியவருக்கு இந்த அவசரம் புதிதாக இருந்திருக்காது. பர்மாவில் மழையும் காய்ச்சலும் எதிரியை விட அதிகம் பேரைக் கொன்றன. அதைப் பார்த்த ஒருவர் தொழிலாளர் முகாமின் தண்ணீரையும் தானியத்தையும் அலட்சியமாக விட்டுவிட மாட்டார்.

இன்னொரு செய்தி, நம் பக்கத்துப் பெருமை. சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை 1780-இல் தொடங்கியது. இன்று மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்று பெங்களூரில் இருக்கிறது. அதன் வீரர்களை இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறார்கள். என் புனைபெயர் அங்கிருந்து வந்தது. காட்டன் போன்ற அதிகாரிகள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போன தம்பிகள். வரிக்கணக்கு அவர்களே, கூலியாட்களைப் பற்றி நீங்கள் சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

இந்த மரபு இன்றும் இருக்கிறது. 1960-இல் எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கியபோது படைப் பொறியாளர்களையும் குடிமைப் பொறியாளர்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டு வந்தார்கள். இமாசலப் பிரதேசத்தில் ரோத்தாங் கணவாயின் அடியில் ஒன்பது கிலோமீட்டர் குடைந்த அடல் சுரங்கப்பாதை அவர்கள் மேற்பார்வையில் முடிந்தது. இராணுவத்துக்காகப் போட்ட சாலையில் லாகுல் மக்கள் குளிர்காலத்திலும் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

---

வரிக்கணக்கு எழுதியது:

சாப்பர்தம்பி ஐயா, ஒரு நெருடல். ஏழு அரண்களைத் தாக்கினார் என்பதைப் பெருமையாகப் படிக்கிறோம். அது பர்மியர்களின் நாட்டில் கம்பெனி நடத்திய போர். அரக்கானும் தெனாசெரிமும் அதில் பறிபோயின. அந்தச் செலவும் இந்தியக் கருவூலத்தின் தலையில்தான் விழுந்தது. அணை கட்ட எஸ்டிமேட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாதாட வேண்டியிருந்த அதே அரசு, போருக்கு அள்ளிக் கொடுத்தது. ஒரே மனிதரின் பணிவாழ்வில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைக்கக் கூடாது.

---

ராஜமுந்திரித் தமிழச்சி எழுதியது:

திருமணமாகிக் கும்பகோணத்திலிருந்து கோதாவரிக் கரைக்கு வந்தவள் நான். இரண்டு டெல்டாக்களையும் அறிந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இங்கே காட்டன் துரையின் சிலை இல்லாத பெரிய ஊரைக் கோதாவரி மாவட்டங்களில் தேட வேண்டும். மே 15 அன்று மாலை போடுகிறார்கள். கோதாவரி நீராடலின்போது அவரைப் பகீரதன் என்று நினைவுகூரும் ஒரு சமஸ்கிருதச் சுலோகமும் இங்கே வழங்குகிறது. ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரிக்கு, அதுவும் மிகத் தீவிரமான கிறிஸ்தவருக்கு, ஆற்றங்கரையில் இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. காவிரிக் கரையில் அந்த அளவுக்கு ஏன் இல்லை என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். காவிரியில் அவருக்கு முன்பே கல்லணை இருந்தது, கரிகாலன் இருந்தான், பாசனம் இருந்தது. அவர் இருந்ததைத் திருத்தினார். கோதாவரியில் அணைக்கட்டே இல்லாத இடத்தில் முதலில் கட்டினார். இந்த வேறுபாடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தவளேஸ்வரத்தில் ஆறு தீவுகளால் பிரிந்து கிடக்கிறது. தவளேஸ்வரம், ரேலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்று நான்கு கிளைகளாக அணை. நீளம் மொத்தம் இரண்டேகால் மைல். பக்கத்துக் குன்றிலேயே கல் வெட்டி எடுத்தார்கள். காட்டன் மேலிடத்தில் பல அதிகாரிகளைக் கேட்டார். கொடுத்தது மிகச் சிலரைத்தான், அதுவும் இனிமேல்தான் தொழில் கற்க வேண்டிய இளைஞர்களை. 1847-இல் தொடங்கிய வேலையில் உடல் நொறுங்கி, 1848-இல் அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஓய்வுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது வேலையை நடத்தியவர் கேப்டன் சார்லஸ் ஆர். 1852-இல் அணை முடிந்தது. கிருஷ்ணாவின் குறுக்கே விஜயவாடா அணைக்கட்டை 1855-இல் முடித்தவரும் அதே ஆர்தான். அவர் பெயரை இங்கேயும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வரிக்கணக்கு அவர்கள் பெயர் தெரியாத உழைப்பாளிகளைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பெயர் மட்டும் இங்கே நிலைத்திருக்கிறது: வீணம் வீரண்ணா. காட்டனின் கீழ் இருந்த இந்திய அலுவலர். ஆட்களைத் திரட்டியதும், ஆற்றின் குணத்தைக் காட்டனுக்குச் சொன்னதும் அவர்தான் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ராய் பகதூர் பட்டமும் பெற்றவர். கன்னவரத்தில் கோதாவரியின் ஒரு கிளைக்கு மேலே வாய்க்காலைக் கடத்திக் கொண்டுபோய்க் கோனசீமாவின் நாகரம் தீவுக்குத் தண்ணீர் கொடுத்த பாலம் ஒன்று இருந்தது. நாற்பது அடி அகல வளைவுகள் நாற்பத்தொன்பது. அதை ஒரே வேலைப்பருவத்தில் எழுப்பினார்கள். அந்த வேகத்தில் வீரண்ணாவின் பங்கு பெரியது.

இப்போது ஆற்றின் குறுக்கே நிற்பது 1970-களில் தொடங்கி 1982-இல் முடிந்த புதிய கதவணை. அதற்கும் அவர் பெயரையே வைத்தார்கள். இந்தப் பாசனத்தில் விளையும் நிலம் இன்று பத்து லட்சம் ஏக்கர்.

---

ரயிலடிக்காரர் எழுதியது:

புகழ்மாலைக்கு நடுவே அவர் தோற்ற இடங்களையும் வைக்கிறேன். அவற்றிலும் கற்க நிறைய இருக்கிறது.

இந்தியாவின் முதல் இருப்புப்பாதையில் காட்டனின் கை உண்டு. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றி வந்த பாதை அது. 1837-இல் ஓடியது. மும்பையில் பயணிகள் ரயில் ஓடியது 1853-இல்தான். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் ரயிலுக்கு மிகக் கடுமையான எதிர்ப்பாளர் ஆனார். ரயில் பஞ்சத்தின்போது தானியத்தை நகர்த்தும், தானியத்தை விளைவிக்காது. கால்வாய் இரண்டையும் செய்யும், படகுப் போக்குவரத்தும் அதிலேயே நடக்கும் என்பது அவர் வாதம். கராச்சி, கல்கத்தா, சென்னையை எல்லாம் கால்வாய்களால் இணைக்க வேண்டும் என்று திட்டம் தந்தார். இன்று நதிநீர் இணைப்பு பேசுகிறவர்கள் அவரைத் தங்கள் முன்னோடி என்று இழுக்கிறார்கள். அவர் சொன்னதில் பெரும்பகுதி படகு செல்லும் கால்வாய்களின் வலை. மேலே ஏற்றித் தண்ணீரைக் கடத்தும் இன்றைய திட்டங்களோடு அதை ஒட்டுவது சரியல்ல.

தோல்விக்கு வருகிறேன். அவர் தூண்டுதலில் 1858-இல் மெட்ராஸ் பாசனக் கால்வாய்க் கம்பெனி தொடங்கியது. பத்து லட்சம் பவுண்டு மூலதனத்துக்கு 5 சதவீத வட்டியை அரசு உறுதி கொடுத்தது. துங்கபத்திரையிலிருந்து கர்னூல், கடப்பை வரை கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. வாங்க ஆளில்லை. கரிசல் மண்ணில் மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் போடும் விவசாயி, நல்ல மழை ஆண்டில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கவில்லை. கரிசலுக்கு அதிக நீர் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். 1882-இல் அரசே கம்பெனியை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. ஒரிசாவிலும் ஏறத்தாழ இதே கதை. டெல்டாவில் ஏற்கெனவே நெல் தெரிந்த உழவர் இருந்தார், வண்டல் இருந்தது, சரிவு கைகொடுத்தது. தக்காணத்து மேட்டுநிலத்தில் அந்த மூன்றும் இல்லை. டெல்டாவில் கிடைத்த வருவாய் விகிதத்தைக் கர்னூலுக்கும் எதிர்பார்த்ததுதான் பிழை.

கங்கைக் கால்வாயைக் கட்டிய ப்ரோபி காட்லியோடு 1860-களில் நடந்த நீண்ட சண்டையும் உண்டு. காட்லியும் படைக்காரர்தான், வங்காளப் பீரங்கிப் பிரிவு. கால்வாயின் சரிவு அதிகம், அதனால் படுகை அரிக்கிறது என்று காட்டன் சொன்னது பின்னர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் ஹரித்வாரில் மலையடியிலேயே தலைப்பை வைத்தது தவறு, கீழே மணற்படுகையில் அணை கட்டியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அரசு ஏற்கவில்லை.

---

அணைக்கரைவாசி எழுதியது:

ரயிலடிக்காரர் தொட்ட இடம் எங்கள் தொழிலின் நடு நரம்பு. அதைத் தொடராமல் விட முடியாது.

பின்னால் 1870-களில் கங்கையில் நரோராவில் மணற்படுகையின் மேல் அணை கட்டினார்கள், காட்டன் சொன்ன வழியில். ஆக, மணலில் கட்டலாம் என்பது வென்றது. ஆனால் 1898-இல் அந்த நரோரா அணையின் ஒரு பகுதி இடிந்தது. மேலே தேங்கிய நீரின் அழுத்தத்தில், அடியில் உள்ள மணல் வழியாக நீர் ஊறிக் கீழ்ப்பக்கம் எழும்பி, தளத்தைத் தூக்கிவிட்டது. அந்த விபத்தை ஆராய்ந்த பிறகுதான் அணைக்கு அடியில் நீர் ஊறும் பாதை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு முறையாக வந்தது. பிளை என்ற பொறியாளர் முதலில் ஒரு விதி தந்தார். பின்னர் பஞ்சாபில் கோஸ்லா அதைத் திருத்தினார். எங்கள் காலத்தில் கோஸ்லா கணக்கைப் போடாமல் ஒரு கதவணைக்கும் வரைபடம் போக முடியாது.

காட்டனிடம் இந்தக் கணக்கு இல்லை. கல்லணையில் கண்டது இருந்தது, தன் கண் இருந்தது, வெள்ளத்துக்கு வெள்ளம் போய்ப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அதனால் அவர் கட்டுமானங்களுக்குத் தொடர்ந்த பராமரிப்பு கட்டாயம். கீழ்ப்பக்கம் கற்கள் உருண்டால் உடனே கொட்ட வேண்டும், படுகை இறங்கினால் உடனே பார்க்க வேண்டும். 2018-இல் மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு வெள்ளம் வந்து தணிந்த வேளையில்தான் முக்கொம்பு மதகுகள் விழுந்தன. கொள்ளிடத்தில் மணல் எடுத்து எடுத்துப் படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கரையில் வசிக்கும் எவரும் கையைக் காட்டிச் சொல்வார். கீழே படுகை இறங்கினால் அணையின் இருபுறமும் நீர்மட்ட வேறுபாடு கூடும், ஊறும் நீரின் வேகமும் கூடும். பழைய கட்டடத்தின் வயதை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

கரந்தை மாணவி எழுதியது:

குடிமைப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் கோஸ்லா வருகிறார், காட்டன் வரவில்லை. இவ்வளவையும் ஒரே இடத்தில் படித்ததற்கு எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள். பென்னிகுவிக்கும் இதே போலப் படையிலிருந்து வந்தவர்தானே, இருவருக்கும் என்ன வேறுபாடு? விடுமுறையில் இவற்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

---

சாப்பர்தம்பி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், தங்கையே. ஜான் பென்னிகுவிக் 1841-இல் புனேயில் பிறந்தவர். தந்தையும் அண்ணனும் 1849-இல் சிலியன்வாலா போரில் இறந்தார்கள். அவரும் அடிஸ்கோமில்தான் பயின்றார். அந்தப் பள்ளி 1861-இல் மூடப்பட்டது, ஆகவே அதன் கடைசித் தலைமுறை. 1860-இல் இந்தியா வந்தார், 1868-இல் அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பில் பணியாற்றினார். முல்லைப் பெரியாறு வேலை 1887 முதல் 1895 வரை. காட்டன் கம்பெனியின் அதிகாரி, பென்னிகுவிக் பிரிட்டிஷ் முடியரசின் அதிகாரி. காட்டன் காவிரியில் அணை கட்டிய காலத்தில் பொதுப்பணித்துறையே இல்லை. பென்னிகுவிக் அதன் ஒழுங்கான படிநிலைக்குள் இருந்து வேலை செய்தார். அவர் தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை பரவலாக இருக்கிறது, ஆவணச் சான்று எதுவும் இல்லை. அது அரசுப் பணத்தில் கட்டிய அரசு அணை. காட்டில், காய்ச்சலில், வெள்ளம் அடித்துப்போன அடித்தளத்தை மறுபடி மறுபடி எழுப்பியதே அவர் பெருமைக்குப் போதும்.

---

வரிக்கணக்கு எழுதியது:

என் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதுவும் காட்டனுக்குச் சாதகமாக.

1861-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது, 1876-இல் ஜெனரல் பதவி வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கி லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இந்தியப் பொதுப்பணிகளை விசாரித்தபோது, எழுபத்தைந்து வயதில் அங்கே போய், பணத்தை ரயிலில் கொட்டிப் பாசனத்தைப் பட்டினி போட்டீர்கள் என்று தான் பணியாற்றிய அரசையே எதிர்த்து வாதாடினார். கர்னூல் கம்பெனியைக் காட்டி அவரைக் குடைந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1899 ஜூலை 24 அன்று டார்க்கிங்கில் இறக்கும்வரை அதே கருத்தில் இருந்தார். கம்பெனியின் நோக்கத்தைப் பற்றி நான் முன்பு சொன்னது ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்த அமைப்புக்குள் இருந்த ஒரு மனிதர், பஞ்சத்தைத் தடுக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க எண்களோடு சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதை நான் மதிக்கிறேன்.

---

கடைமடைக்காரர் எழுதியது:

அணைக்கரைவாசி ஐயா சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பொருந்துகிறது. சாப்பர்தம்பி சொன்ன வேகம் அணையை எழுப்பும். அதைத் திருத்துவதற்கு ஒரே ஆற்றோடு பல ஆண்டுகள் கிடக்க வேண்டும். காவிரியில் காட்டனுக்கு அது வாய்த்தது. கர்னூலில் அந்த மண்ணோடும் உழவரோடும் அவருக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கவில்லை.

மாணவிக்கு: முக்கொம்பிலிருந்து தொடங்குங்கள், ஆறு பிரியும் இடத்தைக் கண்ணால் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். அடுத்து கல்லணை. அங்கே பாலத்தின்மேல் நின்று திரும்பிவிடாமல், கொள்ளிடத்துக்குத் திறக்கும் மதகுகளின் பக்கம் போய்ப் பாருங்கள். மூன்றாவது அணைக்கரை, கும்பகோணத்திலிருந்து பஸ் இருக்கிறது. கோடையில் தண்ணீர் இல்லாதபோது போனால் கீழ்த்தளமும் கற்படுகையும் தெரியும். வெள்ளக் காலத்தில் ஒரு முறை மறுபடி போங்கள். கதவுகளை இயக்கும் லஸ்கர்களிடம் பேசுங்கள், எந்த மதகுக்குக் கீழே மணல் அரிக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தவளேஸ்வரத்தில் காட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகும்போது எதைப் பார்ப்பது என்பதை ராஜமுந்திரி அம்மா எழுதினால் எனக்கும் பயன்படும்.

---

ராஜமுந்திரித் தமிழச்சி எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன். அருங்காட்சியகத்தில் பழைய அணைக்கட்டின் மாதிரிகளும் கருவிகளும் இருக்கின்றன. அதைப் பார்த்த கையோடு தவளேஸ்வரம் தலைப்பு மதகுக்கு நடந்து போகலாம். கிழக்கு டெல்டா வாய்க்கால் அங்கிருந்துதான் புறப்படுகிறது. குறுவை நடவுக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில் வந்தால் இரண்டு டெல்டாக்களையும் ஒரே பயணத்தில் ஒப்பிடலாம், மேட்டூர் திறந்திருந்தால்.